ஆறுமணிக் குருவியும் அம்பு பாய்ந்த நாரையும்: பறவைகள் எங்கேதான் போகின்றன?

கீழவாசல்காரன்

அவசரமாக ஒரு உதவி. நேற்று ராத்திரி தஞ்சாவூரில் நல்ல மழை. விடியற்காலை குளியலறைக் கதவைத் திறந்தால் வாளிக்குப் பின்னால் ஒரு குருவி ஒண்டிக்கொண்டிருக்கிறது. மைனாவைவிடக் கொஞ்சம் சிறியது. வால் என்று சொல்ல ஒன்றுமில்லை, யாரோ கத்தரித்துவிட்ட மாதிரி இருக்கிறது. முதுகு பச்சை, இறக்கையில் நீலம் பளபளக்கிறது, நெஞ்சு சந்தன நிறம், அடிவயிறு குங்குமச் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை.

யார் வீட்டுக் கூண்டிலிருந்தோ தப்பி வந்த வெளிநாட்டுப் பறவை என்கிறான் தம்பி. "மழையோடு வானத்திலிருந்து விழுந்த குருவி, வீட்டுக்கு நல்லது" என்கிறார் அம்மா. அரிசி வைத்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பறக்கவும் இல்லை. என்ன செய்வது?

கூழைக்கடா

முதலில் அரிசியை எடுத்துவிடுங்கள், அது புழு பூச்சி தின்னும் பறவை. ஒரு அட்டைப்பெட்டியில் காற்றுப் போக நாலு ஓட்டை போட்டு, பழைய துணி விரித்து, உள்ளே விட்டு மூடி, சத்தமில்லாத இருட்டான மூலையில் வையுங்கள். அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டவும் வேண்டாம். அக்டோபர் வந்தால் இப்படி நாலைந்து பேராவது எனக்குப் போன் செய்வார்கள், எல்லோரிடமும் இதையேதான் சொல்கிறேன்.

வந்திருப்பது ஆறுமணிக் குருவி. பொன்னுத்தொட்டான் என்றும் பெயர் உண்டு. விடிகிற நேரத்திலும் அந்தி மயங்கும் நேரத்திலும் இரண்டு சுரமாக விசில் அடிக்கும், அதனால்தான் அந்தப் பெயர். இந்திக்காரர்கள் நவரங் என்கிறார்கள், ஒன்பது நிறம். கூண்டுப் பறவை இல்லை, நம் நாட்டுப் பறவைதான். கோடையில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தமிழ்நாடு, கேரளம், இலங்கை என்று இறங்கி வரும். பயணம் ராத்திரியில். விடியும்போது களைத்துப்போய் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே விழும். ஊர் வெளிச்சம் வேறு குழப்பிவிடும். விடிந்ததும் காக்கைகள் விரட்ட, வீடு, கழிப்பறை, கார் நிறுத்தும் இடம் என்று பார்க்காமல் நுழைந்துவிடும்.

அந்தி நேரத்தில், காக்கைகள் அடங்கியபிறகு, புதரும் சருகும் உள்ள இடமாகப் பார்த்து விடுங்கள். வைத்து வளர்க்கலாமா என்று தம்பி கேட்டால், 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் விடாது என்று சொல்லுங்கள்.

கீழவாசல்காரன்

மிக்க நன்றி ஐயா. பெட்டியில் வைத்தாயிற்று. ஆனால் அம்மா நம்பவில்லை. "இத்தனூண்டு குருவி இமயமலையிலிருந்து வந்ததாம், இவன் பார்த்தானாம்" என்று சிரிக்கிறார். கேட்டால் எனக்கும் கொஞ்சம் சந்தேகம்தான். இது அங்கிருந்துதான் வருகிறது என்று முதன்முதலில் எப்படிக் கண்டுபிடித்திருப்பார்கள்?

மட்டுநகரான்

எங்கள் பக்கமும் இதற்கு ஆறுமணிக் குருவி என்றுதான் பெயர். சிங்களத்தில் அவிச்சியா என்பார்கள், அது கத்துகிற சத்தத்தை வைத்து. அதற்கு ஒரு கதையும் இருக்கிறது. முன்னொரு காலத்தில் மயில் இந்தக் குருவியிடம் அழகான உடுப்பை இரவல் வாங்கிக்கொண்டு போனதாம், திருப்பித் தரவே இல்லையாம். அதைச் சொல்லித்தான் காலையும் மாலையும் முறையிடுகிறதாம். நானும் சின்னவயதில் வளவுக்குள் இதைக் கண்டால் மயிலைத் திட்டியிருக்கிறேன். உடுப்பைப் பறிகொடுத்த பிறகும் ஒன்பது நிறம் மிச்சம் என்றால், முதலில் எத்தனை நிறம் இருந்திருக்கும் என்பதுதான் என் கேள்வி.

பழையபேப்பர்

கீழவாசல்காரன் கேட்ட கேள்விக்கு ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால்: ஒரு நாரையின் கழுத்தில் குத்தியிருந்த ஈட்டியை வைத்து.

1822ஆம் ஆண்டு. வட ஜெர்மனியில் க்ளூட்ஸ் என்ற ஊர்ப் பக்கம் ஒரு வெள்ளை நாரையைச் சுட்டார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால், அதன் கழுத்தில் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு ஈட்டி ஊடுருவி நிற்கிறது. சுட்டவர் போட்டதல்ல, பழையது. மரத்தைப் பார்த்தால் ஐரோப்பிய மரமில்லை, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அதாவது ஆப்பிரிக்காவில் யாரோ எறிந்த ஈட்டியைக் கழுத்தில் சுமந்துகொண்டே அந்த நாரை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து தன் கூட்டுக்குத் திரும்பியிருக்கிறது. (அத்தனை தூரம் தப்பி வந்து ஊர் எல்லையில் துப்பாக்கிக்குச் செத்திருக்கிறது, பாவம்.) பாடம் செய்து வைத்த அந்த உடலை ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் இன்றைக்கும் பார்க்கலாம், ஈட்டியோடு. இப்படி அம்போடும் ஈட்டியோடும் திரும்பி வந்த நாரைகள் இருபத்தைந்து வரை பதிவாகியிருக்கின்றன. "அம்பு நாரை" என்று ஜெர்மனில் தனிச் சொல்லே உண்டு.

அதற்கு முன்னால் என்ன நினைத்தார்கள் என்பதுதான் இன்னும் வேடிக்கை. குளிர்காலத்தில் தகைவிலான் குருவிகள் காணாமல் போவதைப் பார்த்த அரிஸ்டாட்டில், அவை பொந்துகளில் ஒளிந்து கிடக்கின்றன என்று எழுதினார். ஒரு குருவி இனம் குளிர்காலத்தில் வேறொரு குருவியாகவே உருமாறிவிடுகிறது என்றும் எழுதினார். கோடையில் ஒன்று தென்படும், குளிரில் மற்றொன்று தென்படும், இரண்டும் ஒரே அளவு. சரி, ஒன்றுதான் மற்றொன்றாகிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

1555இல் ஸ்வீடனைச் சேர்ந்த பேராயர் ஓலாஸ் மேக்னஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். தகைவிலான்கள் அலகோடு அலகு, காலோடு கால் கோத்துக்கொண்டு கொத்தாக ஏரிக்குள் மூழ்கிக் குளிர்காலம் முழுக்கத் தூங்குகின்றன, மீனவர்கள் வலை போட்டால் மீனோடு சேர்ந்து வரும் என்றார். வலையை இழுக்கும் படமும் உண்டு. இருநூறு ஆண்டுக்குப் பிறகு, உயிரினங்களுக்கெல்லாம் பெயர் வைத்த லின்னேயஸே இந்தத் தண்ணீர்த் தூக்கத்தை ஏற்றுக்கொண்டிருந்தார்.

இதை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. இலையுதிர் காலத்தில் தகைவிலான்கள் அந்தியில் ஆயிரக்கணக்கில் ஏரிக்கரை நாணல் காட்டில்தான் போய் அடையும். ஒருநாள் காலையில் ஒன்றுமே இருக்காது. கடைசியாக நீரோரம் இறங்கியதைப் பார்த்தவன் வேறு எங்கே தேடுவான்?

பெர்லினில் ஃப்ரிஷ் என்பவர் 18ஆம் நூற்றாண்டில் ஒரு காரியம் செய்தார். தண்ணீர் பட்டால் கரையும் சாயம் தோய்த்த நூலைத் தகைவிலான்களின் காலில் கட்டி அனுப்பினார். அடுத்த ஆண்டு வந்தபோது சாயம் அப்படியே இருந்தது. ஏரிக் கதை அன்றைக்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, அது வேறு விஷயம். 1899இல் டென்மார்க்கில் மோர்ட்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர், மைனாவின் ஐரோப்பியச் சொந்தமான ஒரு பறவையில் 165ஐப் பிடித்து, எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையத்தைக் காலில் மாட்டி விட்டார். முறையாக வளையமிடும் வேலை அங்கிருந்துதான் தொடங்கியது. கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகச் செய்து வருவதும் இதே வேலைதான்.

அரைக்கிறுக்கன்

ஒருத்தர் நிலாவுக்குப் போகிறது என்று சொன்னாரே, அவரை விட்டுவிட்டீர்களே.

பழையபேப்பர்

சார்லஸ் மார்ட்டன், ஆங்கிலேயப் பாதிரியார், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. பறவைகள் குளிர்காலத்துக்கு நிலாவுக்குப் போய் வருகின்றன, போக அறுபது நாள் ஆகும் என்று எழுதினார். சிரிப்பு வரும். ஆனால் இவரும் பறவைகள் தூங்கவில்லை, மாறவில்லை, *போகின்றன* என்ற பக்கம் நின்றவர். ஊர்தான் தவறு.

கணக்குவாத்தியார்

போட்டுப் பார்த்துவிடுவோம். நிலா சராசரியாக 3,84,400 கிலோமீட்டர். அறுபது நாளில் போக வேண்டுமென்றால் நாளுக்கு 6,400 கிலோமீட்டர், மணிக்கு 267. தூங்காமல், சாப்பிடாமல்.

2022 அக்டோபரில் ஒரு பட்டைவால் மூக்கான் அலாஸ்காவில் கிளம்பி எங்கும் இறங்காமல் டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் பறந்தது. 11 நாள். பிறந்து ஐந்து மாதமே ஆன குஞ்சு அது. வழி காட்டக் கூட இருந்த பெரியவர்கள் யார் என்று கேட்காதீர்கள், இந்த இனத்தில் பெரியவை முன்னாலேயே கிளம்பிவிடும். நாளுக்கு ஏறக்குறைய 1,230 கிலோமீட்டர். அந்த வேகத்தில் நிலாவுக்குப் போக 312 நாள் ஆகும்.

அதே சமயம் ஆர்க்டிக் ஆலாவைப் பாருங்கள். வட துருவப் பக்கம் முட்டையிட்டுவிட்டு தென் துருவப் பக்கம் போய்த் திரும்பும் பறவை. காலில் கருவி கட்டிக் கணக்கெடுத்து 2010இல் வெளியிட்டார்கள், ஆண்டுக்குச் சராசரியாக 71,000 கிலோமீட்டர் வந்தது. முப்பது வருடம் உயிரோடு இருந்தால் 21 லட்சம் கிலோமீட்டர். நிலாவுக்குப் போய் வர 7.7 லட்சம். ஆக, வாழ்நாளில் ஏறக்குறைய மூன்று தடவை போய் வரும் தூரம். பாதிரியாருக்குப் பாதி மதிப்பெண் தரலாம்.

தென்னவன்

வெள்ளைக்காரன் 1822இல் ஈட்டியைப் பார்த்துக் கண்டுபிடித்ததைத் தமிழன் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே பாட்டில் எழுதிவிட்டான். "நாராய் நாராய் செங்கால் நாராய்" படித்ததில்லையா? நாம்தான் உலகுக்குச் சொல்வதில்லை.

பழையபேப்பர்

தென்னவன் தம்பி, பாட்டு எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்தப் போட்டியில் குதிக்குமுன் ஒன்று. கொக்கினங்கள் சிதியா நாட்டுச் சமவெளியிலிருந்து நைல் ஆறு பிறக்கும் சதுப்பு வரை போகின்றன என்று அதே அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். நாரைக்குத் தன் காலம் தெரியும் என்று விவிலியத்தில் எரேமியா சொல்கிறார். ஹோமரும் குளிருக்குத் தப்பி ஓடும் கொக்குகளைப் பாடியிருக்கிறார். பெரிய பறவைகள் கூட்டமாக, சத்தம் போட்டுக்கொண்டு, பகலில் போகும். அதனால் அவை போவது எல்லா ஊரிலும் தெரிந்திருந்தது. சின்னக் குருவிகள் கண்ணில் படாமல், பலவும் ராத்திரியில், போனதுதான் எல்லோரையும் ஏமாற்றியது. இத்தனூண்டு குருவியா என்று இன்றைக்குக் கீழவாசல்காரன் வீட்டு அம்மா சிரிக்கிறாரே, அதே இடத்தில்தான் அரிஸ்டாட்டிலும் தடுக்கி விழுந்தார்.

கீழவாசல்காரன்

இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அரிஸ்டாட்டில் யார் என்று கேட்டார். அலெக்சாண்டருக்கு வாத்தியார் என்றேன். "அப்போ சரி" என்றார்.

ஏட்டுச்சுவடி

தமிழ்ப் பாட்டு என்று பேச்சு வந்துவிட்டதால் நானும் உட்கார்ந்துகொள்கிறேன். முதலில் தென்னவனுக்கு: செங்கால் நாரைப் பாட்டு சங்கப் பாட்டு இல்லை. சத்திமுத்தப் புலவர் பாடிய தனிப்பாடல், பிற்காலத்தது. இரண்டாயிரம் ஆண்டு என்று சொல்ல வேண்டுமானால் புறநானூறு 67, பிசிராந்தையார் பாட்டு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரு விஷயம் புலப்படும்.

பிசிராந்தையார் பாண்டி நாட்டுக்காரர். அன்னச் சேவலைக் கூப்பிட்டு, "குமரியம் பெருந்துறை அயிரை மாந்தி வடமலைப் பெயர்குவை ஆயின்", நடுவில் சோழ நாடு வரும், கோழியூரில், அதாவது உறையூரில், உயர்ந்த மாடத்தில் இறங்கி இளைப்பாறு, காவலன் தடுப்பான் என்று நிற்காமல் அரண்மனைக்குள் போ, ஆந்தையின் ஆள் என்று கிள்ளியிடம் சொல், உன் பேடைக்கு நகை தருவான் என்கிறார்.

சத்திமுத்தப் புலவர் மதுரையில் குளிரில் கிடக்கிறார். போர்த்திக்கொள்ளத் துணி இல்லை. "நீயும் நின் மனைவியும் தென்திசைக் குமரியாடி வடதிசைக்கு ஏகுவீராயின்" எங்கள் ஊர்க் குளத்தில் தங்கி, பல்லி சொல்லும் பலனுக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கும் என் மனைவியைப் பார்த்து, பெட்டிக்குள் அடைத்த பாம்பு மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் ஏழையைக் கண்டோம் என்று சொல்லுங்கள் என்கிறார். சத்திமுற்றம் கும்பகோணம் பக்கம், பட்டீசுவரத்தை ஒட்டியது.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். குமரி, மதுரை, உறையூர், சத்திமுற்றம் எல்லாம் தெற்கிலிருந்து வடக்காக வரிசையில் வருகின்றன. இரண்டு புலவரும் திரும்பிப் போகும் பறவையிடம்தான் சேதி சொல்கிறார்கள். வரும் பறவையிடம் சொன்னால் சேதி குமரிக்குப் போய்விடுமே! பறவைக்கு ஒரு பருவம் உண்டு, ஒரு திசை உண்டு, நடுவில் தங்கும் இடம் உண்டு, தங்கும் இடம் குளம் என்பதும், சோடியாகப் போகும் என்பதும் கேட்பவர்களுக்குத் தெரிந்திருந்தால்தான் இந்தப் பாட்டு செல்லும். புலவர் இதைக் கண்டுபிடித்தார் என்பதில்லை, ஊருக்கே தெரிந்ததை வைத்துப் பாடினார். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. வடமலைக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று ஒருவரும் பாடவில்லை, கதையும் கட்டவில்லை.

தென்னவன்

தனிப்பாடல் என்பதை ஏற்கிறேன் ஐயா. பள்ளியில் இப்படி யாரும் சொல்லித் தரவில்லை, மனப்பாடப் பகுதி என்று பத்து வரியைக் கொடுத்து முடித்துவிட்டார்கள்.

கூழைக்கடா

பறவை பார்க்கிறவன் பக்கத்திலிருந்து இரண்டு சேர்க்கை, ஒரு வம்பு.

நாரையின் அலகைச் சத்திமுத்தப் புலவர் "பழம்படு பனையின் கிழங்கு பிளந்தன்ன பவளக் கூர்வாய்" என்கிறார். பனங்கிழங்கை இரண்டாகப் பிளந்து, நுனி கூராக இருக்கும்போது பிடித்துப் பாருங்கள், அச்சு அசல் நாரை அலகு. நிறம் பவளம், காலும் சிவப்பு. நம் ஊர்க் குளங்களில் அதிகம் கிடைக்கிற மஞ்சள் மூக்கு நாரைக்கு இது பொருந்தாது, பெயரிலேயே மஞ்சள் இருக்கிறது. நத்தைகுத்தி நாரைக்கு அலகு நடுவே இடைவெளி, நிறமும் மங்கல். நன்றாகப் பொருந்துவது, ரோஸ்டாக்கில் ஈட்டியோடு நிற்கிறதே, அந்த வெள்ளை நாரை! இந்த இனத்தில் ஒரு பகுதி குளிர்காலத்துக்கு இந்தியாவுக்கு வரும், வடக்கே அதிகம், தெற்கே குறைவாக. இன்றைக்குத் தமிழில் அதற்குச் செங்கால் நாரை என்றே பெயர் வைத்திருக்கிறோம்.

தகைவிலானுக்கு வருகிறேன். ஏரிக்கடியில் ஆறு மாதம் தூங்குகிறது என்று ஐரோப்பாவில் நம்பிய அதே குருவி நம் ஊருக்குக் குளிர்காலத்தில் வந்து மின்கம்பிகளில் வரிசையாக உட்காரும். தகைவு என்றால் களைப்பு. தகைவு இலான், களைப்பே இல்லாதவன். பெயர் வைத்தவர் நாள் முழுக்க அது வயல்மேல் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

இப்போது வம்பு. பிசிராந்தையாரின் அன்னம் வரித்தலை வாத்துதான் என்று பலரும் சொல்கிறார்கள். இமயத்தைத் தாண்டி வருகிற பறவை, கூந்தன்குளத்துக்கு வருகிறது, வடமலை சரியாகப் பொருந்துகிறது. கருவி கட்டிப் பார்த்ததில் 7,290 மீட்டர் உயரம் வரை போயிருக்கிறது. அந்த உயரத்தில் நமக்கு மூச்சு முட்டும். அதன் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைத் தாழ்நிலத்து வாத்துகளுடையதைவிட இறுகப் பிடித்துக்கொள்ளும், அதனால் சமாளிக்கிறது. எல்லாம் சரி. ஆனால் வரித்தலை வாத்து புல் மேய்கிற பறவை. ராத்திரியில் வயலில் இறங்கிப் பயிரை மேயும். அயிரை மீனை "மாந்தி" விட்டுப் போகிற ஆள் இல்லை.

ஏட்டுச்சுவடி

பிடித்துவிட்டீர். கடல்துறையில் அயிரை எப்படி வந்தது என்றே நான் முன்னால் யோசித்ததுண்டு, அது ஆற்று மீன். பிசிராந்தையார் குமரிக்குப் போகாமல் வீட்டிலிருந்தே பாடினாரோ என்னவோ. குளத்தில் தலையைக் கவிழ்த்து மேய்கிற வாத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது வாயில் எடுப்பது பாசியா மீனா என்று எப்படித் தெரியும்? ஆனால் இது வக்காலத்து, விளக்கம் இல்லை. அன்னம் எந்தப் பறவை என்பதை நான் திறந்தே வைக்கிறேன்.

பாலைக்கொக்கு

நான் ஜோத்பூரில் சூரிய மின் நிலைய வேலையில் இருக்கிறேன். இங்கே பலோடி பக்கம் கீச்சன் என்று ஒரு கிராமம். குளிர்காலம் முழுக்க ஆயிரக்கணக்கில் சாம்பல் நிறக் கொக்குகள் வந்து இறங்கும். குர்ஜா என்கிறார்கள். மங்கோலியா, மத்திய ஆசியப் புல்வெளியிலிருந்து வருபவை. ஊரார் தனி இடம் ஒதுக்கித் தினமும் தானியம் போடுகிறார்கள். காலையில் மூட்டை மூட்டையாகக் கொட்டுவதை நானே பார்த்தேன், கொக்குகள் வரிசையில் நிற்காத குறைதான்.

சொல்ல வந்தது அதுவல்ல. ராஜஸ்தானி நாட்டுப்பாடலில் பெண்கள் இந்தக் குர்ஜாவைத்தான் கூப்பிடுவார்கள். பிழைப்புக்காக வெளியூர் போன கணவனிடம் என் சேதியைக் கொண்டுபோ என்று. என்னோடு வேலை செய்யும் உள்ளூர்க்காரர் ஒருவர் பாடிக் காட்டியபோது நான் செங்கால் நாரையை அவருக்குச் சொன்னேன். எங்கள் பாட்டில் பிழைக்கப் போன ஆண் வீட்டுக்குச் சேதி சொல்கிறான், உங்கள் பாட்டில் வீட்டிலிருக்கும் பெண் அவனுக்குச் சொல்கிறாள் என்றேன். "அப்படியானால் கொக்கு இரண்டு பக்கமும் போய்க்கொண்டுதான் இருக்கிறது" என்றார். வீட்டை விட்டு வந்து எட்டு வருடம் ஆன எனக்கு அது கொஞ்சம் உறைத்தது.

சின்னராசு77

வேடந்தாங்கலுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் லட்சக்கணக்கான பறவைகள் வந்து முட்டையிடுகின்றனவே, அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை?

கூழைக்கடா

வருடா வருடம் செய்திகளில் வருகிற தவறு இது. வேடந்தாங்கலில் மரத்தில் கூடு கட்டுபவை நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா (என் ஆட்கள்), நீர்க்காகம், பாம்புத்தாரா, வெண்கொக்குகள். இவை இந்தியாவுக்குள், இலங்கை வரை நடமாடுகிறவை. வடக்கே வெகு தூரத்திலிருந்து வருகிற ஊசிவால் வாத்து போன்றவை இங்கே மேய்ந்துவிட்டுத் திரும்பும், முட்டையிடுவது அவற்றின் சொந்த ஊரில்தான். எந்தப் பறவை எங்கே கூடு கட்டுகிறதோ அதுதான் அதற்கு வீடு. அந்தக் கணக்கில் வேடந்தாங்கலில் இருப்பவை விருந்தாளிகள் இல்லை.

அந்த ஊரின் உண்மையான அதிசயம் வேறு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேசிடம் போய் முறையிட்டு, 1798இல் பாதுகாப்பு வாங்கிவிட்டார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

தீவுவாத்தியார்

பறவை மட்டும்தானா? நான் மாலத்தீவில் ஒரு பள்ளியில் சில ஆண்டுகள் பாடம் நடத்தினேன். அக்டோபர் வந்தால் ஒருநாள் திடீரென்று தீவு முழுக்கத் தட்டான்கள். பவளத் தீவுகள் அவை, ஆறு குளம் என்று சொல்ல அநேகமாக எதுவும் இல்லை. நன்னீர் இல்லாமல் தட்டான் முட்டையிட முடியாது. பிறகு எங்கிருந்து வந்தன?

அங்கே தங்கியிருந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் இதையே ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்து 2009இல் எழுதினார். இந்தியாவில் பருவமழைக் குட்டைகளில் பிறந்த தட்டான்கள் உயரக் காற்றைப் பிடித்து மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன, அடுத்தடுத்த தலைமுறைகள் திரும்பி வருகின்றன என்பது அவர் முடிவு. நாகாலாந்தில் கூட்டமாகத் தங்கிவிட்டு அரபிக்கடலைத் தாண்டுகிற அமூர் வல்லூறும் ஏறக்குறைய அதே காலத்தில் அதே காற்றில் போகிறது. வழியில் தட்டானைத் தின்றுகொண்டே போகும் என்கிறார்கள்.

தட்டான் தாழப் பறந்தால் மழை என்று நாம் சின்ன வயதில் சொன்னோம். மழைக் காற்றோடு ஊர் ஊராகப் போகிற பூச்சிதான் என்று அப்போது தெரியாது. வாலில் நூல் கட்டிய பாவத்துக்கு இப்போது வருந்துகிறேன்.

அரைக்கிறுக்கன்

இந்தக் கதைகளிலெல்லாம் யாருக்காவது லாபம் இருந்ததா? நிலாவுக்குப் போகிறது என்று சொல்லி யார் என்ன சம்பாதித்தார்கள்?

பழையபேப்பர்

ஒரு கதைக்கு மட்டும் வயிற்றோடு சம்பந்தம் உண்டு. அயர்லாந்துக் கரைக்குக் குளிர்காலத்தில் ஒரு வகைப் பெருவாத்து வரும். அதன் கூட்டையோ முட்டையையோ அங்கே யாரும் பார்த்ததில்லை, அது முட்டையிடுவது ஆர்க்டிக்கில். அதே கரையில் மிதந்து ஒதுங்கும் மரக்கட்டைகளில் காம்போடு தொங்கும் ஓர் உயிரி ஒட்டியிருக்கும். வெள்ளை ஓடு, கறுப்பு விளிம்பு, வெளியே நீட்டும் மெல்லிய இழைகள். பார்த்தால் சிப்பி மாதிரி இருக்கும், உண்மையில் நண்டு, இறால் குடும்பம். வாத்தின் நிறமும் கறுப்பு வெள்ளை. போதாதா? 12ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டு ஜெரால்டு, இந்த வாத்துகள் கட்டையில் அலகால் தொங்கிக்கொண்டு வளர்ந்து, பிறகு கடலில் விழுந்து நீந்துகின்றன என்று எழுதினார். ஒரே கட்டையில் ஆயிரத்துக்கும் மேல் தன் கண்ணாலேயே பார்த்ததாகவும் சொன்னார்.

முட்டையிலிருந்து வராதது மாமிசம் இல்லை அல்லவா? அதனால் உண்ணா நோன்பு நாட்களில் இந்த வாத்தைக் குற்ற உணர்ச்சி இல்லாமல் சாப்பிட்டார்கள், சாப்பிட்டவர்களில் ஆயர்களும் உண்டு என்று ஜெரால்டே குறைபட்டுக்கொள்கிறார். அடுத்த நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் அந்த ஓடுகளைக் கொண்டுவரச் செய்து பார்த்தார். பறவை மாதிரி ஒன்றுமே இல்லை, கூடு எங்கோ தொலைவில் இருக்க வேண்டும் என்று சரியாகவே ஊகித்தார். ஆனாலும் கதை பல நூற்றாண்டு ஓடியது. அந்த உயிரியின் அறிவியல் பெயருக்கே இன்றும் "வாத்தைத் தாங்குவது" என்றுதான் பொருள்.

சின்னராசு77

நம் வீட்டில் கேக்கில் போட்ட முட்டை சைவம் என்கிற மாதிரி.

கூழைக்கடா

பழையபேப்பர் அரிஸ்டாட்டிலைக் கொஞ்சம் அதிகமாகவே கிண்டல் செய்துவிட்டார், கணக்கை நேராக்குகிறேன். 1946 டிசம்பரில் கலிபோர்னியப் பாலைவன மலையொன்றில் எட்மண்ட் ஜேகர் என்ற இயற்கை ஆய்வாளர் பாறைப் பள்ளத்தில் ஒரு பறவையைப் பார்த்தார். பக்கி இனம், நம் ஊரில் ராத்திரியில் சாலையில் உட்கார்ந்து கண் மின்னுமே, அதன் உறவு. கையில் எடுத்தும் அசையவில்லை. உடம்பு சில்லிட்டிருந்தது, மூச்சு, இதயத்துடிப்பு எதுவும் தெரியவில்லை. செத்ததல்ல. குளிர்காலத்தை உண்மையிலேயே தூங்கிக் கழிக்கும் பறவை. பிறகும் அதே பள்ளத்தில் தூங்குவதைப் பார்த்தார்.

பக்கத்து மாநிலமான அரிசோனாவின் பழங்குடிகளான ஹோபி மக்கள் மொழியில் அந்தப் பறவைக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. அதற்குப் பொருள், தூங்குகிறவன்.

பழையபேப்பர்

ஒப்புக்கொள்கிறேன். பொந்தில் தூங்கும் பறவை உண்டு, அரிஸ்டாட்டில் தவறான குருவியைச் சொல்லிவிட்டார். நம் தகைவிலானும் அந்தத் தூங்குகிறவனும் பெயரை மாற்றிக்கொள்ளாமல் இருந்தார்களே, அது போதும்.

கீழவாசல்காரன்

தகவல் சொல்ல வந்தேன். சாயங்காலம் ஐந்தேமுக்காலுக்குப் பெட்டியைக் கொல்லைப்புறம் கொண்டுபோனேன். வாழைத் தோப்பை ஒட்டி நொச்சியும் சருகுமாக ஒரு இடம் உண்டு, அங்கே வைத்து மூடியைத் திறந்தேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தது. அப்புறம் இரண்டு தத்து தத்தி வெளியே வந்தது, சருகைக் கிளறி ஒரு புழுவை எடுத்தது, புதருக்குள் போய்விட்டது. நன்றியெல்லாம் காட்டவில்லை.

நான் வீட்டுக்குள் வந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது கொல்லையிலிருந்து இரண்டு சுரம். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு அஞ்சு. உங்க குருவி அஞ்சு நிமிஷம் லேட்டு" என்றார்.